சேர்வர் எழுதும் நாட்குறிப்பு

முன்னாளிற் பாய்க்கப்பல் ஓட்டிய மேனாட்டு மாலுமிகள், கப்பலின் வேகத்தை அறிவதற்கு ஒரு மரக்கட்டையைக் கயிற்றிற் பிணைத்துக் கடலில் எறிவர். கயிற்றிலே ஒழுங்கான இடைவெளியில் முடிச்சுகள் இடப்பட்டிருக்கும். மணற்கடிகை ஒழுகி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே நழுவின என்று எண்ணி, அவ்வெண்ணை ஓர் ஏட்டிற் குறித்துக்கொள்வர். கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லொக்' என்று பெயர். காலப்போக்கிற் கட்டையின் பெயர் ஏட்டிற்கு ஆயிற்று. முடிச்சின் பெயரோ கடல் வேகத்தின் அலகாக இன்றும் நிற்கின்றது. வேகம் மட்டுமன்றிக் காற்றின் திசை, மாலுமியின் நோய், கண்ட கரை ஆகிய யாவும் பின்னர் அவ்வேட்டில் ஏறின. கப்பல் பாறையில் மோதிற்றென்றால் விசாரணை செய்வோர் முதலிற் கேட்பதும் அதனையே.

கணினித் துறையினர் அச்சொல்லைக் கடலிலிருந்து கடன் வாங்கினர். நாம் கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கின்றோம். பரீட்சை முடிவைத் தேடுகின்றோம். புகையிரதத்தில் ஆசனம் பதிவு செய்கின்றோம். ஒவ்வொரு வேண்டுகோளையும் எங்கோ ஓர் அறையில் இராப்பகலாக இயங்கும் கணினியொன்று ஏற்று விடையிறுக்கின்றது. அதனைச் சேர்வர் என்பர். தன் தொழிலைச் செய்துகொண்டே, தான் செய்தவற்றையும் தனக்கு நேர்ந்தவற்றையும் அது வரி வரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றது. அக்கோப்பே அதன் லொக். அதில் எவ்வளவு எழுதுவது, எதை எழுதவொட்டாது தடுப்பது என்று தீர்மானிப்பவர் சேர்வரை அமைக்கும் மனிதர். அத்தீர்மானத்தைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணினோம். தொழில்நுட்பம் பயிலாத நேயர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்களுடைய கடவுச்சொல்லும் இக்கதையில் வருகின்றது.

பிழை தேடித் திருத்துவதை ஆங்கிலத்தில் 'டிபக்' என்பர். பூச்சியகற்றல் என்பது அதன் நேர்ப்பொருள். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 2 என்னும் பெருங்கணினி பிழைபடவே, அதனை இயக்கியோர் உள்ளே தேடிப் பார்த்தனர். எஃப் என்று குறியிட்ட பலகையில், 70ஆம் இலக்க ரிலேயினுள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி, நேரம் 15.45 என்று குறித்து, மெய்யாகவே பூச்சியொன்று அகப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவென்று வேடிக்கையாக எழுதியும் வைத்தனர். பூச்சியோடு கூடிய அவ்வேடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையிற் பேணப்பட்டு வருகின்றது. பூச்சியைக் கண்டெடுத்தவர் கிரேஸ் ஹொப்பர் அம்மையார் என்று பலர் எழுதுவதுண்டு. அம்மையார் அக்குழுவைச் சேர்ந்தவர், கதையை உலகெங்கும் பரப்பியவர், கண்டெடுத்தவர் அல்லர். பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கும் அன்று பிறந்ததன்று. 1878இலேயே தோமஸ் எடிசன் தம் கடிதமொன்றில் அவ்வாறு எழுதியிருக்கின்றார். அந்த வழக்கு முன்னரே இருந்தமையாலன்றோ ஒட்டிவைத்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது!

இனி இன்றைய சேர்வருக்கு வருவோம். மென்பொருள்கள் பல இருப்பினும், மாணவர் கைக்கு எளிதில் எட்டும் 'டொம்கட்' என்பதை எடுத்துக்கொள்ளுகின்றோம். ஜாவா மொழியில் எழுதிய செயலிகளை இணையத்தின் வழியே வழங்குவது அதன் தொழில். சன் என்னும் அமெரிக்கக் கம்பனியிற் பணியாற்றிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் அதனைத் தொடங்கி வைத்தார். 1999இல் அக்கம்பனி அதனை அப்பாச்சி அமைப்பிற்குக் கொடுத்துவிட்டது. இன்று எவரும் அதனைக் காசின்றிப் பெறலாம்.

டொம்கட் எழுதும் ஏடுகளுள் எளியது வருகைப் பதிவேடு. வந்த வேண்டுகோள் ஒன்றுக்கு ஒரு வரி: எந்த முகவரியிலிருந்து வந்தது, எத்திகதி, எந்நேரம், எந்தப் பக்கத்தைக் கேட்டது, விடை யாது, எத்தனை பைற்று அனுப்பப்பட்டது. விடையை மூன்றிலக்க எண்ணாற் குறிப்பர். 200 என்றாற் கேட்டது கொடுக்கப்பட்டது. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. இவ்வெண்ணை வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். 500 என்றால் சேர்வரே தடுமாறி விழுந்தது என்று பொருள். ஒரு நாளின் ஏட்டிலே 500 என்ற எண் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்ப்பதே கண்காணிப்பின் அரிச்சுவடி. ஒரு குறை உண்டு. விடை கொடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை இயல்பான அமைப்பில் டொம்கட் எழுதுவதில்லை. விகிதக் குறியோடு 'டி' என்ற பெரிய எழுத்தைச் சேர்த்தால் எழுதும். அதிலும் பழைய பதிப்புகள் மில்லி செக்கனிலும், 10.1 முதலான பதிப்புகள் மைக்ரோ செக்கனிலும் எழுதுகின்றன. பதிப்பை மாற்றிவிட்டு இதனை மறந்தவருக்குச் சேர்வர் ஓரிரவில் ஆயிரம் மடங்கு மந்தமாகிவிட்டதாகத் தோன்றும்.

வருகைப் பதிவேடு விழுந்ததைச் சொல்லுமே ஒழிய, ஏன் விழுந்தது என்று சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியது செயலியின் சொந்தக் குறிப்பேடு. எல்லாவற்றையும் எழுதிவிடு என்று அதற்குக் கட்டளையிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. வைத்தியசாலை வாட்டில் நோயாளி சுகமாயிருக்கும்போது தாதி சில மணிக்கு ஒரு தடவை காய்ச்சலைப் பார்த்துக் குறிக்கின்றார். நிலைமை மோசமானாற் சில நிமிடத்திற்கு ஒரு தடவை குறிக்கின்றார். எல்லா நோயாளிக்கும் எந்நேரமும் நிமிடக் கணக்கிற் குறிக்கப் புகுந்தால், தாதிக்கு மருந்து கொடுக்க நேரம் இராது. டொக்டருக்கு வாசித்து முடிக்கவும் இயலாது. சேர்வரும் அத்தன்மையதே. ஒவ்வொரு வரியை எழுதுவதற்கும் அதற்கு நேரமும் இடமும் செலவாகின்றன.

ஆதலாற் செய்திகளைத் தரம் பிரித்தனர். 1980களில் அமெரிக்காவின் பேர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சல் மென்பொருளொன்றுக்காக 'சிஸ்லொக்' என்ற முறையை ஆக்கினார். அம்முறையிற் சுழியத்திலிருந்து 7 வரை எட்டுத் தரங்கள் வழங்குகின்றன. சுழியம் என்றால் இயந்திரமே பயன்படாது போயிற்று, 4 எச்சரிக்கை, 7 பிழை தேடுவோருக்கு மட்டும் வேண்டிய நுண்விவரம். ஜாவாவோ ஏழு தரங்களை வகுத்துக்கொண்டது: 'சிவியர்' உச்சியில்; அடுத்து 'வோர்னிங்', 'இன்ஃபோ', 'கொன்ஃபிக்'; கடைசியில் 'ஃபைன்', 'ஃபைனர்', 'ஃபைனெஸ்ட்'. அமைப்புக் கோப்பிலே 'இன்ஃபோ' என்று எழுதினால் அதுவும் அதற்கு மேற்பட்டவையும் ஏட்டில் ஏறும், கீழ்ப்பட்டவை விடப்படும்.

இவ்விடத்தில் மாணவர் பலர் இடறி விழுவதைக் கண்டிருக்கின்றோம். பிழை எங்கே என்று தேடுவதற்காக அமைப்புக் கோப்பைத் திறந்து தரத்தை 'ஃபைன்' ஆக்குவர், சேர்வரை நிறுத்தி மீண்டும் தொடக்குவர், ஏட்டைப் பார்ப்பர். ஒரு வரியும் புதிதாக வந்திராது. மென்பொருள் பழுதென்று வைவர். பழுது அதிலன்று. ஜாவாவின் முறையிற் செய்தியானது இரண்டு வாயில்களைக் கடந்தே ஏட்டை அடைகின்றது. செய்தியைப் பிறப்பிக்கும் பகுதிக்கு ஒரு தரம் உண்டு. அதனை வாங்கித் திரைக்கோ கோப்புக்கோ அனுப்பும் கருவிக்கு வேறொரு தரம் உண்டு. ஜாவாவின் இயல்பான அமைப்பிலே திரைக்கு எழுதும் கருவி 'இன்ஃபோ'விற் காவலிருக்கின்றது. முதல் வாயிலை மட்டும் திறந்தவன் இரண்டாம் வாயிலிற் செய்தி தடுபட்டு நிற்பதை அறியான். இரண்டையும் திறத்தல் வேண்டும்.

அறிந்தபின் வேறொரு பிழை செய்வர். ஆத்திரத்தில் யாவற்றுக்கும் 'ஓல்', அதாவது எல்லாம், என்று எழுதிவிடுவர். அப்போது டொம்கட்டின் உள்ளுறுப்புகள் யாவும் ஒருங்கே வாய் திறக்கும். தேடிய ஒரு வரி பல்லாயிரம் வரிகளுக்குள் மறைந்துவிடும். இதற்கு வழி ஜாவாவிலேயே இருக்கின்றது. செயலியின் பகுதிகளுக்கு இடும் பெயர்கள் பாட்டன், தந்தை, மகன் என்ற முறையிற் புள்ளி வைத்துத் தொடுக்கப்படுவன. மகனுக்குத் தனியே தரம் குறிக்காவிட்டால் தந்தையின் தரமே அவனுக்கும் வரும்; குறித்தாற் குறித்ததே செல்லும். பணம் செலுத்தும் பகுதியிலே ஐயம் என்றால் அப்பகுதியின் பெயருக்கு மட்டும் 'ஃபைன்' என்று எழுதி, ஏனையோரை 'இன்ஃபோ'வில் விட்டுவிடலாம். பிழை கண்டபின் பழையபடி மாற்ற வேண்டும். மாற்றாது விட்ட ஒரு வரியினால் விளைந்த கேடுகள் பல.

அக்கேடுகளுள் முதலாவது டிஸ்க் நிரம்புவது. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் டொம்கட்டைத் தொடக்கும் கட்டளைத்தொகுப்பு, செயலி திரைக்கு எழுதுவனவற்றையெல்லாம் 'கட்டலினா டொட் அவுட்' என்ற ஒரே கோப்பிற் சேர்க்கின்றது. ஏனைய ஏடுகளை டொம்கட் நாள்தோறும் புதிதாகத் தொடங்கும். இதனையோ தானாக மாற்றுவதில்லை. அது வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் டிஸ்க்கில் இடம் அற்றுப்போக, அதே டிஸ்க்கிலுள்ள தரவுத்தளமும் எழுத இடமின்றி நின்றுவிடும். நள்ளிரவில் எழுப்பப்பட்ட ஊழியர் அப்பெரிய கோப்பை அழிப்பார். இடம் வராது. சேர்வர் அதனைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்வரை பெயர் மட்டுமே அழியும், கோப்பு அழியாது. அதனை அழியாமல் உள்ளிருப்பதை மட்டும் வெறுமையாக்க வேண்டும். இன்றேற் சேர்வரை நிறுத்தித் தொடக்க வேண்டும். இதனை முன்னரே அறிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. அறியாதவருக்கு ஓர் இரவு போய்விடும்.

செவ்வாய்க் கிரகத்திலும் இதனையொத்த நோய் கண்டதுண்டு. 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய 'ஸ்பிரிட்' என்னும் ஊர்தி, பதினெட்டாம் நாளளவில் ஒழுங்கான தொடர்பின்றிப் போயிற்று. பிரயாண காலந் தொட்டு நினைவகத்திற் கோப்புகள் குவிந்திருந்தமையால், அது தொடங்குவதும் விழுவதுமாகத் தவித்தது. பூமியிலிருந்தே கட்டளை அனுப்பிக் கோப்புகளை நீக்கி அதனைப் பிழைப்பித்தனர்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். எமது நாட்டின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது; 2006 ஏப்ரிலில் மேலும் அரை மணி பின்னே வந்து பழைய நிலையை அடைந்தது. கடிகாரம் பின்னே வந்த இரவில், உள்ளூர் நேரத்தில் எழுதிய ஏடு எதிலும் ஓர் அரைமணி இரண்டு தடவை வரும். முன்னே நடந்தது எது, பின்னே நடந்தது எது என்று அதனைக் கொண்டு சொல்ல முடியாது. ஆதலாலேயே பல நாட்டுச் சேர்வர்களை மேய்ப்போர் உலகப் பொது நேரத்தில் எழுதச் செய்கின்றனர். வாசிக்கும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்வது நமக்குப் பெருஞ் சிரமமன்று.

இனிக் கடவுச்சொல்லின் கதை. நல்ல செயலியொன்று நமது கடவுச்சொல்லை உள்ளபடி சேமிப்பதில்லை. திரும்பப் பிரிக்கவியலாதபடி கடைந்து, கடைந்ததையே வைத்துக்கொள்ளும். டுவிட்டர் நிறுவனமும் அவ்வாறே செய்து வந்தது. ஆயினும் 2018ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி, தன்னிடம் கணக்கு வைத்திருந்த 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றும் வண்ணம் அது கேட்டுக்கொண்டது. காரணம் யாது? கடைவதற்கு முன்னரே, மூலச்சொல் அவ்வாறே உள்வீட்டு லொக் ஒன்றில் எழுதப்பட்டு வந்திருந்தது. எவரும் அதனைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்று நிறுவனம் கூறிற்று. மறு ஆண்டு மார்ச்சில், கோடிக்கணக்கானோரின் கடவுச்சொற்கள் தன் உள்ளமைப்புகளில் வெளிப்படையாகக் கிடந்ததை ஃபேஸ்புக் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

பெட்டகத்திற்குப் பூட்டிட்டவர்கள் குறிப்பேட்டிற்குப் பூட்டிடவில்லை. இஃது எளிதில் நேரக்கூடியது. பிழை தேடும் மாணவன், படிவத்தில் வந்ததை முழுவதும் எழுது என்று ஒரு வரி சேர்க்கின்றான். படிவத்திலே பெயரும் இருக்கும், கடவுச்சொல்லும் இருக்கும், அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். இன்னுஞ் சிலர் இரகசியங்களை இணைய முகவரியிலேயே கேள்விக்குறியின் பின்னால் ஒட்டி அனுப்புவர். அம்முகவரி வருகைப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். லொக் கோப்பைப் பலர் வாசிப்பர். பிரதியெடுத்துப் பல கணினிகளுக்கு அனுப்புவர். பல மாதம் வைத்திருப்பர். நம்மவருட் பெரும்பாலோர் வங்கிக்கும் வம்பளப்பிற்கும் ஒரே கடவுச்சொல்லைப் பாவிப்பதை எண்ணும்போது, அதில் ஒரு வரியின் பெறுமதி விளங்கும்.

எழுதும் கருவியே திருடனுக்குக் கதவாகிய வரலாறும் உண்டு. 'லொக் போர் ஜே' என்பது ஜாவாச் செயலிகளிற் குறிப்பெழுதுவதற்கென அப்பாச்சியில் உருவான மென்பொருள். டொம்கட் தனக்கென வேறொரு கருவியை வைத்திருப்பினும், அதன்மீது இயங்கும் எண்ணிறந்த செயலிகள் இதனையே நம்பியிருந்தன. 2013இல் இதற்கு ஒரு வசதி சேர்க்கப்பட்டது. டொலர்க் குறியும் இரட்டை வளைவும் இட்டு ஒரு சொற்றொடரை எழுதினால், அதன் பொருளை வேறொரு கணினியிற் போய்த் தேடிக் கொண்டுவரும். குறிப்பெழுதும் செயலியின் ஆசிரியருக்கு அது உபகாரமாயிருக்கும் என்று கருதினர். ஆயின் ஏட்டில் எழுதப்படுபவை ஆசிரியரின் சொற்கள் மட்டுமல்லவே! வந்தவர் தட்டச்சிட்ட பெயரும், தேடிய சொல்லும், அவருடைய உலாவி தன்னைப்பற்றிச் சொல்வதும் அங்கே எழுதப்படுகின்றன. தீயவன் ஒருவன் தன் பெயருக்குப் பதிலாக அத்தொடரை எழுதி, தன் கணினியின் முகவரியையும் சேர்த்துவிட்டால், சேர்வர் அதனைக் குறிக்க முனைந்த மாத்திரத்தில் அவன் கணினிக்குச் சென்று, அவன் வைத்த நிரலைக் கொணர்ந்து, தன் வீட்டிலேயே இயக்கிவிடும்.

எட்டாண்டுகள் எவரும் அறியாதிருந்தனர். 2021 நவம்பரிற் சீனத்து அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் அப்பாச்சிக்கு அறிவித்தனர். டிசெம்பர் 9, 10ஆந் திகதிகளில் உலகம் அறிந்தது. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் அரட்டைப் பெட்டியிலே ஒரு வரியைத் தட்டிச் சேர்வரைக் கைப்பற்றினர் சிலர். குறைபாட்டின் கொடுமைக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி வழங்கப்பட்டது. அம்மென்பொருளைப் பேணி வந்தோர் பெரும்பாலும் தம் ஓய்வு நேரத்தை ஈந்த தொண்டர்கள். நத்தார் விடுமுறையை இழந்து ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17, 2.17.1 என நான்கு திருத்தப் பதிப்புகளை அவர்கள் வெளியிட்டனர். அவர்களை ஏசிய கம்பனிகள் பல. அம்மென்பொருளால் இலாபமீட்டியும் அதற்கு ஒரு சதமேனும் ஈந்திராத கம்பனிகள் அவற்றுட் பல. 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு, இக்குறைபாடு பழைய கணினிகளில் இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கும் என்று மதிப்பிட்டது.

பிழை விவரத்தை ஏட்டில் எழுதுவதோடு நில்லாது, வந்தவரின் திரையிலேயே காட்டிவிடும் சேர்வர்களும் உள. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பில் எத்தனையாம் வரி என்பன யாவும் அங்கே வரிசையாகத் தோன்றும். வீட்டில் இருந்து நிரல் எழுதும்போது அது பேருதவி. ஊருக்குத் திறந்துவிட்ட சேர்வரில் அது வரைபடம் கொடுத்துக் கள்வனை அழைப்பது போன்றது. டொம்கட்டில் இதனை அடக்குவதற்கு இரண்டு அமைப்புகள் இருக்கின்றன: ஒன்று பிழை அறிக்கையை மறைக்கும், மற்றொன்று பதிப்பின் பெயரை மறைக்கும். இயல்பாக இரண்டும் திறந்தே இருக்கும்.

மாணவ நேயர்கள் இதனை வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். டொம்கட்டை இறக்கி நிறுவி, தொடக்கிவிட்டு, உலாவியிலே சொந்தக் கணினியின் 8080ஆம் வாயிலுக்குச் சென்று, இல்லாத பக்கமொன்றை வேண்டுமென்றே கேளுங்கள். பின்னர் லொக்குகள் வைக்கும் உறையிற் சென்று அன்றைய வருகைப் பதிவேட்டைத் திறவுங்கள். வரி உடனே காணப்படாவிட்டாற் சிறிது பொறுங்கள். டொம்கட் வரிகளைச் சற்றுச் சேர்த்துவைத்தே எழுதும். ஈற்றருகில் 404 நிற்கும். தொடக்கத்தில் வந்தவரின் முகவரி இருக்கும்: 127 என்று தொடங்கினாற் பழைய முறை, ஏழு சுழியங்களும் ஓர் ஒன்றும் வரிசையாக நின்றாற் புதிய முறை. இரண்டும் உங்கள் கணினியையே குறிக்கும்.